பூக்கூடைக்கும் காவடிக்கும் ஒரே வண்டி

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் பூ பயிரிடுவோருக்கும் அது திருநாள்தான். புஷ்பக் காவடி எடுத்து வருவோர் கூட்டம் கூட்டமாக மலை ஏறும் நாள் அது. வருடத்தில் வேறெந்த நாளிலும் இல்லாத அளவுக்குப் பூவுக்குத் தேவை இருக்கும். ஆனால் சில வருடங்களுக்கு முன் அதே நாள் காலையில், ஊருக்கு வெளியே சாலையோரப் புளியமரத்தடியில் ஓர் அம்மாள் இரண்டு கூடைப் பூவுடன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கூடை மேல் ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். ஏறி வந்த ஷேர் ஆட்டோவைப் போலீசார் அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே போவதற்கு வேறு வண்டி இல்லை. இரண்டு கூடையையும் தலையில் வைத்து நடக்கும் வயதும் அவருக்கு இல்லை.

"பூ கேக்குற நேரத்துல நான் இங்க நிக்கிறேன் சார். நான் உள்ள போற நேரத்துக்குக் கேக்க ஆள் இருக்காது" என்றார்.

போலீசார் மீது குற்றமில்லை. அத்தனை கார்களையும் வேன்களையும் உள்ளே விட்டால் ஊரே அடைத்துக்கொள்ளும். அந்த அம்மாள் மீதும் குற்றமில்லை. கார்களை நிறுத்துவதற்குத் திட்டம் போட்டவர்கள், காரில் வராதவர்களை எப்படி உள்ளே கொண்டு சேர்ப்பது என்று திட்டம் போடவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதில் அவருடைய பல நாள் உழைப்பு அன்று வெயிலில் வாடிப் போயிற்று.

விவசாயப் பக்கத்தில் பஸ், ஆட்டோ பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். நெல்லுக்கு மேலுரம், கத்திரிக்குக் காய்ப்புழு, நிலக்கடலைக்கு ஜிப்சம் என்று எழுதியே பழகிய கை என்னுடையது. முப்பது வருடங்களாக விரிவாக்கப் பணியில் கிராமம் கிராமமாகப் போய் வந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விளைச்சலைக் கூட்டுவதற்கு நாங்கள் சொன்ன யோசனைகளில் பாதியை, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழி தின்றுவிடுகிறது. நான் ஜீப்பில் போய் இறங்கிப் பேசிவிட்டு ஜீப்பிலேயே திரும்பி வந்தவன். ஆகையால் இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. திரூரில் பத்து மணிக்குப் பயிற்சி என்று அழைப்பு அனுப்பினால், பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி பதினொன்றரைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்திருந்தேன். அக்கறையில்தான் அவர் மூன்று வண்டி மாறி வந்திருக்கிறார்.

திருத்தணி ஒரு பெரிய நகரம் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 45 ஆயிரத்தை ஒட்டித்தான். ஆனால் அந்த ஊரை நம்பி வந்து போகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு. கே.ஜி.கண்டிகை, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, கனகம்மாசத்திரம், திருவாலங்காடு என்று ஒரு பக்கம். பொன்பாடி தாண்டினால் ஆந்திரத்து நகரி, புத்தூர் என்று இன்னொரு பக்கம். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் சித்தூர் மாவட்டம். எல்லைக்கோடு மாறினாலும் சந்தைக்கு வரும் கத்திரிக்காய்க்கு அது தெரியாது. பேரம் இன்றும் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும்தான் நடக்கிறது. பஸ்ஸுக்கு மட்டும்தான் எல்லை தெரியும். இரு மாநில ஒப்பந்தத்தில் இடம்பெற்ற தடத்தில்தான் அது எல்லை தாண்டலாம். எல்லையோரக் குக்கிராமங்கள் இரண்டு பக்கத்திலும் பஸ்ஸின் கடைசி நிறுத்தமாகவே இருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடியலுக்கு முன் மூன்று மணி நேரம்

ஒரு சிறு நகரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் வழக்கமாக எப்போது சாலையில் நின்று வண்டிகளை எண்ணுகிறார்கள்? காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை. பிறகு மாலை ஐந்து முதல் ஏழு வரை. பள்ளிக்கூடமும் அலுவலகமும் நடக்கும் நேரம் அது. விவசாயியின் நேரம் அதுவல்ல. மல்லிகையை மொட்டாக, விடியலுக்கு முன் பறித்தாக வேண்டும். மலர்ந்துவிட்டால் அதற்குப் பாதி விலைகூட இல்லை. கீரையும் கொத்தமல்லியும் முதல் நாள் மாலை அறுத்தால், இரவு பனியில் கிடந்து, வெயில் ஏறும் முன் விற்றாக வேண்டும். பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதிகாலை மூன்றரை மணியிலிருந்து ஆறரை மணிக்குள்தான் விவசாயியின் போக்குவரத்து நடக்கிறது. இந்த மூன்று மணி நேரத்தில் கிராமத்துச் சாலையில் நின்று கூடைகளை எண்ணிய திட்டம் எதையும் நான் கண்டதில்லை.

பொது வண்டி இல்லாத நேரம் ஆகையால், இந்த நேரத்துக்குத் தனி வண்டிதான் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 30 கிலோ கத்திரிக்காய் இருக்கிறது. ஒரு சுமை ஆட்டோவைப் போக வர 400 ரூபாய்க்குப் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 13 ரூபாய்க்கு மேல் வண்டிக்கே போய்விடும். சந்தையில் கிலோ 20 ரூபாய் விற்றால் கையில் நிற்பது என்ன? பறிகூலிக்கே காணாது. இதே வண்டியில் எட்டு விவசாயிகள் ஆளுக்கு 30 கிலோ ஏற்றினால் மொத்தம் 240 கிலோ. கிலோவுக்கு ஒரு ரூபாய் 67 காசுதான் வண்டிச் சத்தம். மருந்தும் உரமும் மாற்றாமல், ஒரு செடி கூடுதலாக நடாமல், கிலோவுக்குப் பதினொன்றரை ரூபாய் மிச்சம். இவ்வளவு லாபம் தரும் வீரிய ரகத்தை எந்த ஆராய்ச்சி நிலையமும் இன்னும் வெளியிடவில்லை.

சேர்ந்து ஏற்றுவது நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. ஒருவர் மாட்டு வண்டியில் நான்கு வீட்டு மூட்டை போன காலம் உண்டு. இப்போது ஏன் முடியவில்லை? வண்டி எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும் என்ற நிச்சயம் இல்லாததுதான் காரணம். ஒருவருக்குப் பூ நாலு மணிக்குத் தயார். மற்றவருக்குக் காய் ஐந்துக்குத் தயார். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் இருவருக்கும் நஷ்டம். வண்டி நாலேகாலுக்கு வந்தே தீரும் என்று தெரிந்தால், பறிப்பும் கட்டுமானமும் தாமாகவே அந்த நேரத்துக்குள் அடங்கிக்கொள்ளும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடும்போது அதற்கேற்ப மடை திறக்க நாம் பழகவில்லையா?

தாமதத்தால் வரும் சேதமும் சிறியதல்ல. லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பின்சார் பொறியியல் நிறுவனம் 2015ல் வெளியிட்ட அகில இந்திய ஆய்வில், காய்கனிகளில் பயிருக்குத் தக்கபடி ஏறத்தாழ நாலரை முதல் 16 சதவீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாவதாகக் கண்டார்கள். தக்காளியில் மட்டும் 12 சதவீதத்துக்கு மேல். எட்டுக் கூடைக்கு ஒரு கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எல்லாமே வண்டியால் வந்த சேதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடையை ஆட்டோவில் அமுக்கி, அதன்மேல் ஆள் உட்கார்ந்து, இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றினால் தக்காளி என்ன ஆகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

கூடைக்கு இடம் எங்கே?

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரையில் தொடங்கியது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. சந்தைக்குக் காய்கறி கொண்டு வரும் விவசாயிக்கு அரசு பஸ்ஸில் சுமைக் கட்டணம் இல்லை என்பது அந்தத் திட்டத்தின் ஓர் அங்கம். நல்ல யோசனை. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதுவும் மிக நல்ல யோசனை. பூவும் கீரையும் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தானே.

ஆனால் கட்டணம் இல்லை என்பது வேறு, இடம் இருக்கிறது என்பது வேறு. பஸ்ஸின் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு முறை அளந்து பாருங்கள். 25 கிலோ கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐம்பது வயது அம்மாள் அதில் ஏறவேண்டும். ஏறினால் வைக்க இடமில்லை. நடைபாதையில் வைத்தால் கண்டக்டர் கோபிக்கிறார்; அவருக்கும் நடக்க வழி வேண்டுமே. இந்தத் தகராறில் பஸ் ஐந்து நிமிடம் நிற்கிறது. அடுத்த நாள் டிரைவர் கூடையைப் பார்த்ததும் தள்ளிப்போய் நிறுத்துகிறார்.

சென்னையில் 2025 ஜூன் 30ஆம் தேதி 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தாழ்தளம் என்றால் தரையிலிருந்து தளம் சுமார் 40 சென்டிமீட்டர்தான். சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் வசதியாக அமைத்தது. அதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது கூடைதான். இத்தகைய வண்டியில் பின்பக்கம் நான்கு இருக்கைகளை எடுத்துவிட்டு ஒரு கம்பித் தட்டு வைத்தால் போதும். மின்ரயிலில் வியாபாரிகளுக்கென்று தனிப் பெட்டி வைத்திருக்கிறார்களே, அதே ஏற்பாடுதான். சொல்லப்போனால் திருத்தணியிலேயே மிகவும் சுத்தமான, மிகவும் மலிவான பொது வண்டி அந்த மின்ரயில்தான். புகை இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகப் போகிறார்கள், பூவும் போகிறது. குறை என்னவென்றால், கே.ஜி.கண்டிகைத் தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் வரை வருவதற்கு வழி இல்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. வயலுக்கு மடை வெட்டவில்லை.

கூட்டம் இரண்டு, நேரம் வேறு

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். திருத்தணிக்கு இரண்டு வகைக் கூட்டம் வருகிறது. ஒன்று சந்தைக் கூட்டம், மற்றொன்று சாமி கும்பிட வரும் கூட்டம். போக்குவரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறார்கள். கார் நிறுத்துமிடம், மலைப்பாதை, ரோப் கார் என்று பேச்சு நடக்கிறது. ஆனால் இரண்டு கூட்டங்களின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். சந்தைக்காரர் விடியலுக்கு முன் வந்து எட்டு, ஒன்பது மணிக்குத் திரும்புகிறார். பக்தர் ஏழு, எட்டு மணிக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கி உச்சிப்பொழுதுக்குள் திரும்புகிறார். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை யாருக்கும் வண்டி அதிகம் தேவையில்லை. மாலையில் மறுபடி பக்தர்கள், பள்ளிப் பிள்ளைகள், தறி வேலை முடிந்து திரும்புகிறவர்கள்.

ஆகவே இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வண்டி போதும். அதிகாலையில் கிராமத்திலிருந்து கூடைகளை ஏற்றிச் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் இறக்கட்டும். எட்டு மணிக்குச் சந்தையிலிருந்து ஆட்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டு, வரும்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வரட்டும். பிறகு ரயில் நிலையம், பஸ் நிலையம், சந்தை, மலையடிவாரம் என்ற நான்கு இடங்களையும் சுற்றிச் சுற்றி வரட்டும். நிலத்தில் நெல் அறுத்ததும் ஈரப்பதத்தில் உளுந்து விதைப்பதுபோல, ஒரே முதலீட்டில் இரண்டு போகம் எடுப்பதுதான் இது. தனியாக விவசாயிக்கென்று ஒரு வண்டி விட்டால் பகலெல்லாம் சும்மா நிற்கும். நஷ்டம் வந்து மூன்றாம் மாதம் நின்றுவிடும். தனியாகப் பக்தர்களுக்கென்று விட்டால் வார நாட்களில் காலியாக ஓடும்.

மின்சாரமா, டீசலா?

புகையில்லா வண்டி என்றால் பேட்டரி வண்டி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் முதலில் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்வேன். ஒரு சாதாரண டீசல் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 பேர் இருந்தால் ஒரு லிட்டரில் 250 ஆள்-கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலும் ஒருவர் மட்டும் போனால் 50தான். இருவர் போனால் 100. காரில் மூன்று பேர் போனால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம் 45. ஆகப் பழைய டீசல் பஸ்ஸே நிரம்பி ஓடினால் புதிய காரைவிடச் சுத்தமானது. காலியாக ஓடும் மின்சார பஸ்ஸால் ஊருக்கும் பலனில்லை, காற்றுக்கும் பலனில்லை. பேட்டரியைவிடக் கால அட்டவணை முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

இருந்தாலும் திருத்தணி போன்ற ஊருக்கு மின்சாரம் மூன்று காரணங்களால் பொருந்தும். முதலாவது, தூரம் குறைவு. ஒரு மின்சார ஆட்டோ 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 8 யூனிட் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 64 ரூபாய். டீசல் ஆட்டோ லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால், அதே தூரத்துக்கு மூன்றேகால் லிட்டருக்கு மேல் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் வீதம் பார்த்தாலும் 300 ரூபாய். இதில் மிச்சமாகும் பணம் முழுவதும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. சில வருடங்களில் பேட்டரி மாற்ற வேண்டிவரும். அது பெரிய செலவு. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்தால் கட்டுவதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைப்பதுபோல, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பேட்டரிக்கென்று ஒதுக்க வேண்டும். ஒதுக்காதவர்கள் நான்காம் வருடம் வண்டியை மூலையில் நிறுத்துவார்கள்.

இரண்டாவது, மலை. பத்து டன் எடையுள்ள பஸ் ஒன்றை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, கணக்குப்படி 2.7 யூனிட் சக்தி வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் சற்று அதிகம். டீசல் பஸ் ஏறும்போது கரும்புகையை வாரி இறைக்கிறது. இறங்கும்போது பிரேக்கைத் தேய்த்துச் சூடாக்குகிறது. மின்சார வண்டி இறங்கும்போது அதன் மோட்டாரே டைனமோவாக மாறி, செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பழைய சைக்கிள் டைனமோ நினைவிருக்கிறதல்லவா? அதே தத்துவம். இது ஏட்டுக் கணக்கல்ல. 2022 செப்டம்பரில் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் திருப்பதி - திருமலை மலைப்பாதையில் மின்சார பஸ்களை விட்டது. 2023ல் நன்கொடையாக வந்த 10 மின்சார பஸ்கள் திருமலைக்குள் பக்தர்களை இலவசமாக ஏற்றிச் செல்வதற்கு விடப்பட்டன. அந்த மலைப்பாதையோடு ஒப்பிட்டால் திருத்தணிப் பாதை ஒரு சிறு மேடு.

மூன்றாவது, மதியம். வண்டிகள் சும்மா நிற்கும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நல்ல வெயில். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பத்து ஆட்டோக்கள் தினம் 100 கிலோமீட்டர் ஓட 80 யூனிட் வேண்டுமென்றால் 20 கிலோவாட் தகடு. அதற்கு ஏறத்தாழ 200 சதுர மீட்டர் கூரை. சந்தைக் கூரைகளைச் சேர்த்தாலே இது தேறும். பகலில் எல்லாத் தகடும் வண்டிக்கே பயன்படாது என்பதால் மின்வாரிய இணைப்பும் இருக்கத்தான் வேண்டும். நமது மின்சாரத்தில் இன்னும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. இரவில் ஏற்றினால் புகை திருத்தணியில் இல்லாமல் வேறு எங்கோ போகிறது. ஆகையால்தான் மதிய நேரத்தை வற்புறுத்துகிறேன்.

புகையால் விவசாயிக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வேறு வாயுக்களோடு சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. அது இலைத் துளைகள் வழியே புகுந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. நெல், கோதுமை உள்ளிட்ட பயிர்களில் மகசூல் குறைவதை உலகெங்கும் அளந்திருக்கிறார்கள். சாலையோர வயலில் இலைமேல் படியும் கரியும் தூசும் தனி. திருப்பதி நெடுஞ்சாலை ஓரத்து மாந்தோப்பில் ஓர் இலையைப் பறித்து விரலால் துடைத்துப் பாருங்கள்.

கலிங்கலும் மதகும்

ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் வரும் கூட்டத்தை மனத்தில் வைத்தே ஊரின் போக்குவரத்தைத் திட்டமிடுவது பெரிய தவறு. ஏரிக்கு மதகும் உண்டு, கலிங்கலும் உண்டு. மதகு அன்றாடப் பாசனத்துக்கு. கலிங்கல் வருடத்தில் சில நாள் வரும் வெள்ளத்துக்கு. வெள்ளத்தை மதகு வழியே விட நினைத்தால் மதகு உடையும். அன்றாடப் பாசனத்தைக் கலிங்கலில் எதிர்பார்த்தால் பயிர் காயும்.

விழா நாளுக்கான கலிங்கல் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். கார்களும் வேன்களும் திருப்பதி சாலையிலும் அரக்கோணம் சாலையிலும் சென்னை சாலையிலும் ஊர் எல்லையிலேயே நின்றுவிட வேண்டும். அங்கிருந்து பொது வண்டி மட்டும். சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்று ஒரு மலையடிவார ஊர் இருக்கிறது. வெளியூர்க் கார்கள் 5 கிலோமீட்டருக்கு முன்பே டேஷ் என்ற ஊரில் நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து ரயிலில்தான் போக வேண்டும். ஊருக்குள் சிறு மின்சார வண்டிகள் மட்டும். அதனால் அந்த ஊருக்கு வரும் கூட்டம் குறைந்துவிடவில்லை. நம் ஊரில் ரயில் ஏற்கெனவே இருக்கிறது, கூடுதல் வசதிதான்.

விழா நாட்களில் மலைப்பாதையில் தனியார் வண்டிகளுக்குத் தடை போடுவது வழக்கத்தில் உள்ளதுதான். அந்தத் தடையோடு ஒரு சிறு விதியைச் சேர்க்கலாம்: பூக்கூடையும் காய்கறிக் கூடையும் ஏற்றிய வண்டிக்கு, காலை ஏழு மணி வரை தனிச் சீட்டு. புளியமரத்தடியில் இருந்த அம்மாளுக்கு அன்று அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

ரோப் கார் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. 2004ல் ரோப் கார் வந்தது. பக்கத்துச் சோளிங்கரில் 2024 மார்ச்சில் ரோப் கார் வந்தது. அங்கே 1,305 படிகள். மலைக்கு வண்டிப் பாதை இல்லை. டோலியில் தூக்கிச் சென்ற முதியவர்களுக்கு அது பெரும் உதவி. திருத்தணியில் 365 படிகள். உச்சி வரை தார்ச்சாலை இருக்கிறது. இருக்கும் சாலையில் கார்களைக் குறைத்து நல்ல பஸ் விடுவதற்கு ஆகும் செலவு எங்கே, கம்பிவடம் கட்டும் செலவு எங்கே? வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டில் டிராக்டர் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக அரை ஏக்கர்காரர் கடன் வாங்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

யார் செய்வது?

இங்கேதான் சிக்கல். மத்திய அரசு 2023 ஆகஸ்டில் 10,000 மின்சார பஸ்களுக்கான திட்டத்தை அறிவித்தது. அது 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை உள்ள நகரங்களுக்கு. திருத்தணி அந்தக் கணக்கில் வராது. மக்கள் தொகையை மட்டும் எண்ணி, வந்து போகிறவர்களை எண்ணாத திட்டங்களில் கோயில் ஊர்களும் சந்தை ஊர்களும் எப்போதும் விடுபட்டுப் போகின்றன. மாநிலத்தில் 2025 ஜூன் மாதம் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியது. ஒரு தடம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத வழியாக இருக்க வேண்டும் என்பது விதி. திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அளந்து தைத்த சட்டை போன்ற விதி இது. மின்சார வண்டிகளுக்கு 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு பர்மிட் விலக்கும் தந்திருக்கிறது. ஆகச் சட்டம் பெரிய தடையாக இல்லை.

கோயில் நிர்வாகம், நகராட்சி, போக்குவரத்துக் கழகம், ரயில்வே, வேளாண் விற்பனைத் துறை, ஷேர் ஆட்டோக்காரர்கள் என்று ஆறு கை. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதே செய்கிறது. ரயில் வந்து நின்ற ஐந்தாவது நிமிடம் பஸ் கிளம்பிவிடுகிறது; அடுத்தது முக்கால் மணி கழித்து. எதற்கும் புதிதாக நிதி தேவையில்லாத வேலை ஒன்று உண்டென்றால் இந்த நேரங்களைப் பொருத்துவதுதான். ஆறு பேரும் மாவட்ட ஆட்சியர் முன் ஒரு நாள் உட்கார்ந்தால் முடியும். ஷேர் ஆட்டோக்காரர்களை அழைக்காமல் விட்டுவிடக் கூடாது. பஸ் வராத நேரத்திலெல்லாம் இந்த ஊரை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். மின்சார ஆட்டோவுக்கு முதல் கடன் உதவியும் அவர்களுக்கே கிடைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து அவர்கள் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டால் அந்தத் திட்டம் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது.

விவசாயிகள் செய்யக்கூடியது கிராம சபையில் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் சபைகளில் 'எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்' என்று தீர்மானம் போடுவது வழக்கம். அப்படி ஒற்றை வரியில் எழுதினால் அது கட்டோடு கட்டாக அலுவலகத்தில் கிடக்கும். அதற்கு முன் ஒரு வாரம், ஊரில் படித்த பிள்ளைகள் இரண்டு பேரை அதிகாலை மூன்றரை மணிக்குச் சாலை முனையில் நிற்க வையுங்கள். எத்தனை கூடை, என்ன பொருள், எத்தனை கிலோ, எத்தனை ஆள், எந்த வண்டியில், என்ன வாடகை, எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏழு நாள் கணக்கையும் தீர்மானத்தோடு இணையுங்கள். எந்த மணிக்கு வண்டி வேண்டும், எந்த முனையில் நிற்க வேண்டும், பின்பக்கம் எத்தனை கூடைக்கு இடம் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் கிருத்திகை நாளாகவோ அதற்கு முந்தின நாளாகவோ இருக்கட்டும். பூ கணக்கு அன்றுதான் சரியாகத் தெரியும்.